வேலிப் பொட்டுக்குக் காவல் எது?

அரசாங்கங்கள் மக்களின் வாயை அடைக்கும் முறை காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. அச்சுக்கூடத்துக்கு முத்திரை வைத்துப் பூட்டுவதும், பத்திரிகையின் பத்திகளை வெள்ளையாக வெளிவரச் செய்வதும், தபாற் பைகளைப் பிரித்துப் பார்ப்பதும் முன்னைய முறைகள். இன்றோ பூட்டும் வேண்டியதில்லை; பொலிசாரும் வேண்டியதில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு ஒரு கட்டளையும் ஒரு முகவரிப் பட்டியலும் அனுப்பினாற் போதும். பட்டியலிற் கண்ட இணையத் தளங்கள் அனைத்தும் அந்நாட்டு மக்களின் கண்ணுக்கு அக்கணமே மறைந்துவிடுகின்றன.

இத் தீவில் வாழும் நமக்கு இது பிறர் சொல்லக் கேட்ட செய்தியன்று. 2007 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'தமிழ்நெற்' தளம் இந்நாட்டில் அடைக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் அவ்வாறே கிடந்தது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்செயல் மூண்டபோது முகநூல், வட்ஸ்அப், வைபர் முதலியன ஏறத்தாழ ஒரு வாரம் மூடப்பட்டன. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும் அதே கதவடைப்பு. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, பொருளாதார நெருக்கடியாற் கொதித்தெழுந்த மக்கள் வீதிக்கு வர இருந்த வேளையில், பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்படி ஏறத்தாழ 15 மணி நேரம் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட காரணம் அமைதி காத்தல் என்பதே. தூர தேசத்திலுள்ள பிள்ளையோடு பேசும் தாயும், சந்தை விலையை வட்ஸ்அப்பில் விசாரிக்கும் கமக்காரரும் அந்த அமைதியை எவ்வாறு குலைத்தனர் என்பதை எவரும் விளக்கவில்லை.

நம் நாட்டில் நாட்கணக்கில் நடந்த அடைப்பு, சீனாவிலும் ஈரானிலும் ருஷ்யாவிலும் அன்றாட வாழ்வாகிவிட்டது. அங்கே அடைப்பைக் கடந்து செல்வோர் எவ்வாறு செல்கின்றனர், அவர்கள் செல்லும் வழியைக் காப்பவர்கள் எவ்வகைச் சிக்கலில் அகப்பட்டிருக்கின்றனர் என்பதை நம்மவர் அறிந்து வைத்திருத்தல் நன்று. அச் சிக்கல் கணினி வல்லுநருக்கு மட்டும் உரியதன்று. யாரை உள்ளே விடுவது, யாரைத் தடுப்பது, தடுக்கும் முயற்சியில் யார் நசுங்குகிறார் என்ற பழைய நீதிப் பிரச்சினையே அது.

பொட்டும் பாலமும்

யாழ்ப்பாணத்துக் காணிகளில் வீதியை நோக்கிப் படலை இருக்கும். அயலவர் வளவுக்குப் போவதற்கு வேலியில் ஒரு சிறு 'பொட்டு' இருக்கும். படலை ஊரறிந்தது, பொட்டோ வேண்டியவர் மட்டும் அறிந்தது. படலையில் ஆள் நிறுத்தி மறித்தாலும், பொட்டினூடாக அடுத்த வளவுக்குச் சென்று, அவர்களுடைய படலையால் வெளியேறிவிடலாம்.

'டோர்' எனப்படும் இணைய வலையமைப்பில் நடப்பது இதுவேயாகும். அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் 1990 களின் நடுப்பகுதியில் முளைத்த ஓர் எண்ணம், 2002 இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டு, 2006 முதல் இலாப நோக்கற்ற ஒரு நிறுவனத்தின் பராமரிப்பில் வளர்ந்தது. ஒருவருடைய செய்தி தொண்டர்கள் நடத்தும் மூன்று கணினிகளைக் கடந்தே தன் இடத்தைச் சேரும். முதலாவது கணினிக்கு அனுப்பியவர் யாரென்று தெரியும், போகுமிடம் தெரியாது. மூன்றாவது கணினிக்குப் போகுமிடம் தெரியும், அனுப்பியவர் யாரென்று தெரியாது. ஆயின் இக் கணினிகளின் முகவரிப் பட்டியல் பகிரங்கமானது. எவரும் அதைப் பார்க்கலாம். தணிக்கை அதிகாரியும் பார்க்கலாம். பட்டியலைப் பார்த்து அத்தனை முகவரிகளையும் அடைத்துவிட்டால் வேலை தீர்ந்தது. ஆகவேதான் பட்டியலிற் சேராத நுழைவாயில்கள் சிலவற்றை அமைத்தனர். அவற்றுக்குப் 'பாலங்கள்' என்று பெயர். நம் ஊர்ப் பேச்சிற் சொன்னால் அவை வேலிப் பொட்டுகள்.

இங்கேதான் முரண்பாடு பிறக்கிறது. பொட்டு எங்கிருக்கிறது என்பதை ஒருவருக்கும் சொல்லாவிட்டால் அது பயனற்றது. எல்லோருக்கும் சொல்லிவிட்டால் மறுநாளே முள்ளிட்டு அடைக்கப்படும். வேண்டியவர் அறியவேண்டும், அடைப்பவர் அறியலாகாது. ஆனால் வேண்டியவர் முன்பின் அறியாதவர். அவருக்கும் அடைப்பவருக்கும் முகத்தில் வேற்றுமை இல்லை. கம்பியின் மறுமுனையிலிருந்து "எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்று கேட்பவர் தெஹ்ரானிலுள்ள மாணவியா, தணிக்கை அலுவலகத்து இயந்திரமா? சொல்பவருக்கு எப்படித் தெரியும்?

பகைவனும் வரிசையில் நிற்கிறான்

இது வெறுங் கற்பனை அச்சமன்று. 2009 செப்டெம்பரில், சீன மக்கள் குடியரசின் அறுபதாம் ஆண்டு விழா நெருங்கிய வேளையில், அந்நாடு டோரின் பகிரங்கக் கணினிகளை அடைத்தது. அத்தோடு நிற்கவில்லை. இணையத் தளத்தின் மூலம் வழங்கப்பட்டு வந்த பாலங்களையும் கேட்டுக் கேட்டுத் திரட்டி அடைத்தது. மின்னஞ்சல் மூலம் வழங்கப்பட்டவை வேறொரு தொகுதி. அவை சில மாதங்கள் தப்பின. 2010 மார்ச்சில் அவையும் வீழ்ந்தன.

இத்தகைய திரட்டலை மனிதர் உட்கார்ந்து செய்வதில்லை. தானாக இயங்கும் நிரல்கள் செய்கின்றன. ஒரு மனிதர் ஒரு பாலம் கேட்கும் நேரத்தில் நிரல் ஓராயிரம் முறை கேட்கும். ஒவ்வொரு முறையும் வேறொரு வேடத்தில் வரும். அலுப்பும் பசியும் அதற்கு இல்லை. வயலில் இறங்கிய கட்டாக்காலி மாடு வயிறு நிரம்பினால் நின்றுவிடும். இது நிற்காது.

அதற்கு மேலும் ஒரு தந்திரம் உண்டு. சீனாவிலிருந்து எவராவது ஒரு பாலத்தை அணுகினால், அச் செய்திப் போக்குவரத்தை மோப்பம் பிடித்து, நிமிடங்களுக்குள் அரசாங்கத்தின் கணினியொன்று அதே முகவரிக்குச் சென்று, "நீ பாலந்தானா?" என்று தட்டிப் பார்க்கும் வழக்கம் 2011, 2012 ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. பாலம் மரியாதையாகப் பதில் சொன்னால், அதுவே அதன் மரணச் சீட்டு.

பாலங்களின் தொகை சில ஆயிரமே. அவற்றை நடத்துவோர் சொந்தப் பணத்தையும் நேரத்தையும் செலவிடும் தொண்டர்கள். அவற்றை அள்ளிக்கொண்டு போக விட்டால் நாளைக்கு வருபவருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே காவல் வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. எத்தகைய காவல் என்பதே கேள்வி.

புதிர் போடும் காவலன்

முதலில் எல்லோர் நினைவுக்கும் வந்த காவல் 'கப்சா' எனப்படும் புதிராகும். நெளிந்தும் வளைந்தும் கிறுக்கலாகவும் எழுத்துகளைக் காட்டி, "இவற்றை வாசித்து எழுது, எழுதினால் நீ மனிதன்" என்று சொல்லும் முறை. டோர் நிறுவனமும் நெடுங்காலம் இதனைத் தன் வாயிலில் வைத்திருந்தது.

இப் புதிர் யாரை மறிக்கிறது என்று ஆராய்வோம். கண் பார்வையற்றவரை மறிக்கிறது. கண்புரை விழுந்த முதியவரை மறிக்கிறது. ஆங்கில எழுத்தறியாத கிராமத்தவரை மறிக்கிறது. படம் வந்து சேர்வதற்கே பல நிமிடம் எடுக்கும் நலிந்த இணைப்புடையவரை மறிக்கிறது. உலக இணையத்தின் நியமங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, இப் புதிர்கள் உடற்குறையுடையோரைப் புறந்தள்ளுவதை 2005 ஆம் ஆண்டிலேயே விரிவாக எடுத்துச் சொல்லிற்று. பார்வையற்றோருக்கென்று ஒலிப் புதிர் வைத்தார்கள். 2017 ஆம் ஆண்டில் மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர், கூகிள் நிறுவனத்தின் ஒலிப் புதிரை, இணையத்திற் கிடைக்கும் பேச்சறியும் சேவைகளைக் கொண்டே இயந்திரத்தால் உடைத்துக் காட்டினர். பார்வையும் செவியும் ஒருங்கே இழந்தவருக்கோ இரண்டு புதிரும் ஒன்றுதான்.

இயந்திரத்தையாவது இது மறிக்கிறதா? 2023 ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஏர்வைன் வளாகத்து ஆய்வாளர் ஏறத்தாழ 1,400 பேரைக் கொண்டு இத்தகைய புதிர்களை விடுவிக்கச் செய்து, இயந்திரங்களைப் பற்றி முன்னைய ஆய்வுகளிற் கண்ட கணக்குகளோடு ஒப்பிட்டனர். வேகத்திலும் பிழையின்மையிலும் இயந்திரமே மனிதரை விஞ்சி நின்றது. இயந்திரம் தோற்றாலும் கூலிக்குப் புதிர் விடுவித்துத் தரும் தொழிலே உலகில் நடக்கிறது. அரசாங்கத்தின் பணப்பெட்டிக்கு அக் கூலி ஒரு பொருட்டன்று.

இன்னொரு வேடிக்கையையும் கூறவேண்டும். பல தளங்கள் கூகிளின் புதிரையே இரவல் வாங்கித் தம் வாயிலில் வைத்திருக்கின்றன. சீனாவில் கூகிளே அடைக்கப்பட்டிருக்கிறது. அடைப்பைக் கடக்க உதவும் வாயில் எதிலும் இப் புதிரை வைத்தால், அடைப்பைக் கடந்தவருக்கு மட்டுமே வாயில் திறக்கும் என்றாகிவிடும். குளத்தை நீந்திக் கடந்து வந்தாற்றான் தோணி தருவோம் என்பது எத்தகைய தருமம்?

ஆக, புதிர் என்னும் காவலன் நல்லவரை மறித்து வல்லவரை விடுகிறான். தடுத்த இயந்திரங்களின் தொகையைக் கணக்கிட்டுப் பெருமை கொள்ளும் காவலர், திரும்பிப் போன மனிதரின் தொகையைக் கணக்கிடுவதில்லை. திரும்பிப் போனவர் முறைப்பாடு எழுதுவதுமில்லை. அவர் எழுதக்கூடிய வழியைத்தானே மறித்தாயிற்று!

கணினியின் உழைப்பும் ஆளின் அடையாளமும்

"புதிர் வேண்டாம், கேட்பவரின் கணினி சிறிது நேரம் கடுங் கணக்கொன்றைச் செய்து காட்டட்டும். ஒரு பாலம் கேட்பவருக்கு அது சில வினாடி உழைப்பு, ஆயிரம் கேட்பவருக்கு ஆயிரம் மடங்கு" என்பது இன்னொரு யோசனை. 1992 இல் முளைத்த இவ்வெண்ணம் 1997 இல் குப்பை மின்னஞ்சலைத் தடுக்கும் கருவியாக வடிவெடுத்தது. 2023 இல் டோர் வலையமைப்பினுள் உள்ள மறைவான தளங்களைச் செயற்கை நெரிசலிலிருந்து காப்பதற்கு இதனைப் பயன்படுத்தத் தொடங்கினர். நெரிசலைத் தணிக்க இது உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் பாலங்களுக்கு இதனை முதற் காவலாக வைப்பதற்கு நாம் உடன்படமாட்டோம். உழைப்பு எனும்போது யாருடைய உழைப்பு? பழைய கைத்தொலைபேசி வைத்திருப்பவருக்கு அது பல நிமிடச் சூடும் மின்கலத்தின் வீழ்ச்சியுமாகும். மண்டபம் மண்டபமாகக் கணினி அடுக்கி வைத்திருக்கும் அரசாங்கத்துக்கு அது ஒரு மாத மின்சாரப் பட்டியலில் ஒரு வரி. ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே அளவான வரி விதித்து அதனைச் சமத்துவம் என்று சொல்வது போன்றதே இது.

மூன்றாவது யோசனை யாவற்றினும் கொடியது. "தொலைபேசி இலக்கத்தைத் தந்தால், அடையாள அட்டையைக் காட்டினால், ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடலாம்" என்பது. சிம் அட்டை ஒவ்வொன்றும் ஆளின் பெயரோடு பதியப்பட்டிருக்கும் நாட்டில், அடைப்பைக் கடக்க விரும்புவோரின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்து வைப்பதற்கு இது சமம். அப் பட்டியல் என்றேனும் ஒருநாள் தவறான கையிற் சேரும். பெயர்ப் பட்டியல் தவறான கையிற் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ் மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1983 ஜூலையில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தவர்களை நம்மவர் மறந்துவிடவில்லை.

பங்கீடே வழி

இங்ஙனமாயின் வழிதான் என்ன? ஒன்று கேட்பவருக்கு எளிதாகவும், ஆயிரம் கேட்பவருக்கு அரிதாகவும் இருக்கும் வழியே வழி. காவலின் பாரம் முழுவதும் பேராசைமீது விழவேண்டும்; தேவையின்மீது விழலாகாது. இது நம் கருத்தின் மையம்.

இதற்கு நமக்குப் பழகிய பெயர் பங்கீடு. சங்கக்கடையில் கூப்பனுக்கு அரிசி வாங்கிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஒருவர் எத்தனை முறை வரிசையில் நின்றாலும் கூப்பனுக்குரிய பங்குதான் கிடைக்கும். டோரின் பாலங்களைப் பங்கிட அமைத்த முறையும் இவ்வாறானதே. ஒரே அயலிலுள்ள இணைய முகவரிகளிலிருந்து ஒரு காலப்பகுதிக்குள் எத்தனை முறை கேட்டாலும் அதே இரண்டு மூன்று பாலங்களே விடையாக வரும். நிரல் ஆயிரம் முறை கேட்டாலும் அதே விடை. அலுக்காமற் கேட்பதால் அதற்கு ஒரு பயனும் இல்லை. ஒரே முறை கேட்பவருக்கோ ஒரு புதிரும் இல்லாமற் காரியம் முடிகிறது.

அரசாங்கத்திடம் பல்லாயிரம் முகவரிகள் உண்டே என்று கேட்கலாம். உண்மையே. அதனாற்றான் பாலங்கள் அனைத்தையும் ஒரே களஞ்சியத்தில் வைப்பதில்லை. விதைநெல் முழுவதையும் ஒரே மூட்டையிற் கட்டி ஒரே மூலையில் வைக்கும் கமக்காரர் உளரோ? இணையத் தளத்தால் வழங்குவது ஒரு பகுதி. மின்னஞ்சலால் வழங்குவது ஒரு பகுதி. உலாவி மென்பொருளின் உள்ளிருந்தே வழங்குவது ஒரு பகுதி. டெலிகிராம் வழியாக வழங்குவது ஒரு பகுதி. எவ்வழியாலும் வழங்காது, ஆபத்து வேளையில் நம்பிக்கையானவர் கையில் நேரே கொடுப்பதற்கென ஒதுக்கி வைத்தது ஒரு பகுதி. மின்னஞ்சலில் ஜீமெயில், ரைஸ்அப் ஆகியவற்றின் முகவரிகளையே ஏற்று வந்தனர். அவற்றிற் போலிக் கணக்குகளை நூற்றுக்கணக்கில் திறப்பது எளிதன்று என்பதே காரணம். ஒரு களஞ்சியத்திற் புகுந்த எலி மற்றதற்குள் நுழைவதற்கு வேறு வழி தேடவேண்டும். 2009 இல் ஒரு தொகுதி வீழ்ந்தபோது மற்றைய தொகுதி ஆறு மாதம் நின்று பிடித்ததை மேலே கண்டோம். அந்த ஆறு மாதத்தில் எத்தனை பேர் உலகத்தோடு பேசியிருப்பர்!

கேட்கும் வாயிலே அடைக்கப்பட்டால் என் செய்வது என்பது அடுத்த கேள்வி. பெரிய நிறுவனமொன்றின் முகவரிக்குப் போவதுபோலப் புறத்தே வேடமிட்டு, உள்ளே பாலம் கேட்கும் விண்ணப்பத்தை வைத்து அனுப்பும் உபாயத்தைக் கண்டனர். அப் பெரிய நிறுவனத்தை அடைத்தால் தன் நாட்டு வணிகமே முடங்கும் என்பதால் அரசாங்கம் தயங்கும். 2018 ஏப்ரலில் கூகிளும் அமேசனும் தம் பெயரை இவ்வாறு பயன்படுத்துவதற்கு இடமில்லை என்று கதவைச் சாத்திவிட்டன. மக்களின் சுதந்திரம் பெரு நிறுவனங்களின் தயவில் தொங்குவது எவ்வளவு அபாயமானது என்பதற்கு இஃதொரு சான்று.

தட்டிப் பார்க்கும் தந்திரத்துக்கும் மாற்றுக் கண்டனர். பாலத்தின் முகவரியோடு ஒரு இரகசியத் திறவுச் சொல்லும் வழங்கப்படும். அச் சொல்லை அறியாதவர் வந்து தட்டினால் பாலம் மௌனம் சாதிக்கும். 'ஸ்னோபிளேக்' என்பது இன்னும் ஒரு படி மேலே போனது. உலகெங்குமுள்ள தொண்டர்களின் உலாவிகளே சிறிது சிறிது நேரம் பொட்டுகளாகின்றன. ஒன்று மூடுமுன் இன்னொன்று திறக்கிறது. ஓரிடத்தில் நிலையாக நிற்காத பொட்டை எந்தப் பட்டியலில் எழுதுவது? காணொளிப் பேச்சுக்குப் பயன்படும் அதே நுட்பத்தில் இது இயங்குவதால், வேறுபிரித்து அடைப்பதும் எளிதன்று. 2021 ஜூலையில் இது டோர் உலாவியிற் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் ருஷ்யா டோரை அடைத்தது. 2022 செப்டெம்பரில், மாஷா அமினி என்னும் இளம் பெண் காவலில் இருந்த பின்னர் இறந்ததையடுத்து ஈரானில் மக்கள் எழுச்சி மூண்டு, வட்ஸ்அப்பும் இன்ஸ்டகிராமும் மூடப்பட்டபோது, ஸ்னோபிளேக்கைக் கைக்கொண்ட ஈரானியரின் தொகை பன்மடங்கு பெருகிற்று.

மறுப்போருக்கு விடை

"வாயிலை இவ்வளவு இலகுவாக்கினால் பகைவனுக்கும் அது இலகுதானே? இறுக்கமே பாதுகாப்பு" என்று வாதிப்போர் உளர். அவர்களுடைய அச்சத்தை நாம் எள்ளவில்லை. ஒரு பாலம் அடைபடும்போது அதனைப் பயன்படுத்தி வந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இருளில் விழுகின்றனர். அது சிறிய நட்டமன்று.

ஆயின் இரு நட்டங்களையும் தராசில் வைத்துப் பார்க்கவேண்டும். அடைபட்ட பாலத்துக்குப் பதிலாக வேறொன்றை அமைக்கலாம். அதற்குச் செலவு பணமும் நேரமும். வாயிலில் மறிக்கப்பட்டுத் திரும்பியவரோ மறுபடி வரார். அவர் அச்சத்தோடு, ஒருமுறை துணிந்து வந்தவர். அன்றிரவு தன் மகன் கைதானதை வெளியே சொல்ல வந்த தாயாக இருக்கலாம். காயமுற்றோரின் தொகையை அனுப்ப வந்த வைத்தியராக இருக்கலாம். அந்த இரவு கடந்துவிட்டால் அச் செய்திக்கு உயிரில்லை.

அன்றியும், நம்பிக்கையின்பேரில் வழங்கும் முறைகளும் வந்துகொண்டிருக்கின்றன. 'லொக்ஸ்' என்ற பெயரில் 2023 இல் கனடிய ஆய்வாளர் வெளியிட்ட முறையில், ஒருவருடைய பாலம் நெடுநாள் அடைபடாமல் இருந்தால் அவர்மீது நம்பிக்கை ஏறும். நம்பிக்கை ஏறியவர் தம் நண்பரை அழைத்து வரலாம். அவருடைய பெயரோ, அவர் யாரை அழைத்தார் என்பதோ வழங்குபவருக்குத் தெரியாதவாறு கணித மறைகுறிகள் காக்கும். 2022 இல் நம் நாட்டில் எரிபொருளுக்கு வழங்கிய கியூ.ஆர். அட்டை, ஆளையும் வாகனத்தையும் அறிந்த பங்கீடு. இதுவோ ஆளை அறியாமலே அளவை அறியும் பங்கீடு. வரவேற்கத்தக்க முயற்சி என்பதில் ஐயமில்லை.

ஆனால் இதனை ஒரே வாயிலாக்கினால் இன்னொரு அநீதி பிறக்கும். நண்பர் வட்டம் உள்ளவர் உள்ளே வருவர். ஒருவரையும் அறியாதவர் வெளியே நிற்பார். ஒதுக்குப்புறக் கிராமத்தவரும் சிறுபான்மையினரும் இத்தகைய வட்டங்களுக்கு வெளியே நிற்பவர்கள். அடைப்பின் கொடுமை அவர்கள்மீதே முதலில் விழுகிறது. ஆகவே எவ்வளவு நுட்பமான பூட்டுகள் வந்தாலும், முகமறியாதவருக்கென்று ஒரு திறந்த வாயில் எப்போதும் இருக்கவேண்டும். அந்த வாயிலால் இழக்கப்படும் பாலங்கள் வீணல்ல. அவை அறத்துக்குக் கொடுக்கும் விலை. அவ் விலையைத் தாங்குவதற்குப் பாலங்களின் தொகையைப் பெருக்குவதே செய்யத்தக்கது.

நாம் செய்யக்கூடியது

இதில் நமக்கு என்ன பங்கு? நம் பொறியியலாளரும் கணினி வல்லுநரும், அவர்களைவிடப் பெருந் தொகையினராய் இலண்டன், தொறன்ரோ, மெல்பேண் நகரங்களில் வாழும் நம் உறவினரும், அடைப்பற்ற இணைப்பை இன்று அனுபவிக்கின்றனர். உலாவியில் ஒரு சிறு நீட்சியைச் சேர்த்தால் அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பொட்டைத் திறந்து வைத்தவர்கள் ஆவர். பயனாளர் செல்லும் தளங்களுக்கு அவர்களுடைய முகவரி காட்டப்படுவதில்லை. வெளியேறும் இடம் வேறு. ஈரானிலோ ருஷ்யாவிலோ முகமறியாத ஒருவர் அதனூடாக உலகைப் பார்ப்பார். அயலவர் கிணற்றில் நீர் வற்றினால் நம் கிணற்றைத் திறந்துவிடும் மரபு நம்முடையது.

நம் வைத்தியர், சட்டத்தரணிகள், ஆசிரியர்கள் தத்தம் துறையில் அமைக்கும் ஒவ்வொரு இணைய வாயிலிலும் இதே அளவுகோலைப் பிடித்துப் பார்க்கவேண்டும். உர மானியத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் கமக்காரரை எத்தனை புதிர்கள் மறிக்கின்றன? வெள்ளெழுத்துக் கண்ணுடையவர் அதனைக் கடக்க முடியுமா? பார்வையற்ற ஒருவரை அழைத்து, உதவியின்றி ஒருமுறை கடந்து காட்டச் சொன்னாரா அதை அமைத்தவர்? கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவதாக, மழை வருமுன் கூரை வேய்வது அறிவுடைமை. அடைப்பு வந்த பிறகு பாலம் தேடப் புறப்பட்டால் பாலம் சொல்லும் தளமும் அடைபட்டிருக்கும். 2024 பெப்ரவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய் என்று தீர்மானிக்கவும் தளங்களைத் தடுக்க வழிசெய்யவும் ஓர் ஆணைக்குழுவுக்கு இடமளிக்கிறது. அத்தகைய அதிகாரம் எக் கட்சியின் கையில் இருந்தாலும் கண்காணிக்கப்படவேண்டியது. சட்டத்தைச் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் எதிர்த்து நிற்பதே நிலையான பரிகாரம். பொட்டு என்பது படலை திறக்கும் வரைக்குமே.

ஆனால் படலை திறக்கும் வரை பொட்டு வேண்டும். அதற்குக் காவலும் வேண்டும். அக் காவல் வருவோரின் கண்ணையும் கல்வியையும் கைப்பொருளையும் சோதிக்கும் காவலாக இராது, அள்ள வருவோரின் பேராசையை மட்டும் சோதிக்கும் காவலாக இருக்கட்டும் என்பதே நம் வேண்டுகோள். ஆயிரம் இயந்திரங்களைத் தடுத்தோம் என்று காவலர் மார்தட்டும்போது, "எத்தனை மனிதரைத் திருப்பி அனுப்பினீர்?" என்று கேட்கும் குரலும் உடன் எழவேண்டும். வாயில் அடைபட்ட வேதனையைப் பலமுறை அனுபவித்த நம்மவர் அக் குரலை எழுப்பாமல் வேறு யார் எழுப்புவர்?